23,015இலிருந்து 45க்கு: ஸாக் கோல்ட்ஸ்மித்தின் ரிச்மண்ட் பார்க் கணக்கு

2015 மே மாதம் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில், லண்டனின் தென்மேற்கு ஓரத்திலுள்ள ரிச்மண்ட் பார்க் தொகுதியில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஸாக் கோல்ட்ஸ்மித் 34,404 வாக்குகள் வாங்கினார். இரண்டாவதாக வந்த லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்குக் கிடைத்தவை 11,389. வித்தியாசம் 23,015. அந்தத் தொகுதியை 19 மாதங்களில் பறிகொடுத்தார். அடுத்த ஆறு மாதத்தில் 45 வாக்கு வித்தியாசத்தில் மீட்டார். இரண்டரை ஆண்டு கழித்து 7,766 வாக்கில் மறுபடியும் தோற்றார். நடுவில் லண்டன் மேயர் தேர்தலிலும் தோல்வி.

பிரிட்டன் அரசியலில் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை ஏற்ற இறக்கம் கண்டவர்கள் குறைவு. அவர் பணக்காரர், பிரெக்ஸிட் ஆதரவாளர், அதனால் தோற்றார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஜெயித்தபோதும் அவர் பணக்காரர்தான், ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்தவர்தான். அப்போது அதே மக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். என்ன மாறியது என்பதை எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வீடும் தொகுதியும்

தாத்தா ஃபிராங்க் கோல்ட்ஸ்மித் 1910 முதல் 1918 வரை ஸ்டோமார்க்கெட் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. அப்பா சர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித் பெரும் கோடீஸ்வரர். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு ரெஃபரெண்டம் கட்சியைத் தொடங்கி, 1997இல் 500க்கும் மேற்பட்ட தொகுதிகளில் ஆட்களை நிறுத்தினார். அவரே பட்னி தொகுதியில் நின்று 1,518 வாக்கு வாங்கினார். கட்டுத்தொகைகூடத் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் இறந்தும் போனார். ஐரோப்பிய எதிர்ப்பு மகனுக்குத் தந்தைவழிச் சொத்து. வாக்குக்காக அதை அவர் பின்னால் ஏற்றுக்கொள்ளவில்லை.

சுற்றுச்சூழல் அக்கறை பெரியப்பா வழியில் வந்தது. தந்தையின் சகோதரர் எட்வர்ட் கோல்ட்ஸ்மித் தொடங்கிய 'தி ஈகாலஜிஸ்ட்' இதழுக்கு ஸாக் 1998இலிருந்து பல ஆண்டுகள் ஆசிரியர். டேவிட் கேமரன் 2005இல் கட்சித் தலைவரானதும், கட்சிக்குப் பசுமை முகம் கொடுக்க அவரை அழைத்துக்கொண்டார். சூழல் கொள்கைக் குழுவில் முன்னாள் அமைச்சர் ஜான் கம்மருக்குத் துணைத்தலைவர் பதவி. 2007இல் ரிச்மண்ட் பார்க் வேட்பாளர்.

தொகுதி அவருக்கு அந்நியமில்லை. வளர்ந்த வீடு அங்கேயே, ஹாம் பகுதியில் இருக்கிறது. கியூ தாவரவியல் பூங்கா, மான்கள் மேயும் ரிச்மண்ட் பூங்கா, தேம்ஸ் கரை, பார்ன்ஸ், ஷீன், வடக்குக் கிங்ஸ்டன் எல்லாம் அடங்கிய செழிப்பான, படித்தவர்கள் நிறைந்த இடம். பார்க்க கன்சர்வேட்டிவ் கோட்டைபோலத் தெரியும். ஆனால் 1997இல் தொகுதி உருவான நாளிலிருந்து 2010 வரை அது லிபரல் டெமாக்ரட்களிடமே இருந்தது. முதலில் ஜென்னி டோங், பிறகு சூசன் கிரேமர். இதை மறந்துவிட்டுப் பின்னால் நடந்ததைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

2010இல் கோல்ட்ஸ்மித் 29,461, கிரேமர் 25,370. வித்தியாசம் 4,091. கௌரவமான வெற்றி, ஆனால் நெருக்கமானது. வரி விஷயத்தில் அவருக்கு 'நான்-டாம்' அந்தஸ்து, அதாவது நிரந்தர வசிப்பிடம் வெளிநாடு என்று காட்டி வெளிநாட்டு வருமானத்துக்கு வரிச்சலுகை பெறும் நிலை, இருந்தது 2009இல் வெளிவந்து, அதை விட்டுவிடுவதாக அறிவித்த பிறகே இந்தத் தேர்தலைச் சந்தித்தார்.

2015இன் 23,015 எப்படி வந்தது என்பது முக்கியம். அவருடைய வாக்கு 4,943 கூடியது. லிபரல் டெமாக்ரட் வாக்கு 13,981 சரிந்தது. கூடுதலான வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு எதிரியின் சரிவால் வந்தது. கன்சர்வேட்டிவ்களோடு கூட்டணி அரசில் சேர்ந்ததற்கும், பல்கலைக்கழகக் கட்டண விஷயத்தில் சொன்ன சொல்லை மீறியதற்கும் அந்த ஆண்டு நாடு முழுக்க லிபரல் டெமாக்ரட்களுக்கு அடி விழுந்தது. 57 இடத்திலிருந்து 8 இடத்துக்கு விழுந்தார்கள். ரிச்மண்டில் கோபித்துக்கொண்டு போனவர்கள் லேபருக்கும் பசுமைக் கட்சிக்கும் போயிருந்தார்கள், சிலர் கோல்ட்ஸ்மித்துக்கும் போட்டார்கள். கோபம் தணிந்தால் திரும்பி வரக்கூடியவர்கள் அவர்கள். கட்சிக்காரர்களும் பத்திரிகைகளும், அநேகமாக அவரும், அந்த 23,015ஐ அவருடைய சொந்தச் செல்வாக்கு என்று படித்தார்கள். இந்தக் கதையின் முதல் பிழை அங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

சொந்தச் செல்வாக்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. கட்சிக் கொறடாவுக்குப் பணியாத எம்.பி. என்ற பெயர் அவருக்கு நியாயமாகவே கிடைத்தது. தவறு செய்யும் எம்.பி.யைத் தொகுதி மக்களே திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 2014இல் அரசு கொண்டுவந்த மசோதா பல்லில்லாதது என்று சொல்லி, வலுவான திருத்தம் கொண்டுவந்து தோற்றார். வாக்காளரை மதிப்பவர் என்ற எண்ணம் மாற்றுக்கட்சிக்காரர்களிடமும் இருந்தது.

மூன்று மணிக்கு மாறும் ஓடுதளம்

ரிச்மண்டில் அரசியல் பேசுவதென்றால் வானத்தைப் பற்றிப் பேச வேண்டும். மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில், அதாவது ஆண்டின் பெரும்பகுதி, ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் லண்டன் நகரத்தைக் கடந்து பார்ன்ஸ், கியூ, ரிச்மண்ட் தலைக்கு மேல் தாழப் பறந்து வரும். நெரிசல் நேரத்தில் ஒன்று போன ஒன்றரை நிமிடத்தில் அடுத்தது. பள்ளி மைதானத்தில் ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருந்து தொடர்வார். இருக்கும் இரண்டு ஓடுதளங்களில் இறங்குவதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று. பிற்பகல் 3 மணிக்கு இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள். அதனால் ஒரு தெருவுக்குக் காலையில் இரைச்சல் என்றால் மாலையில் ஓய்வு, அடுத்த வாரம் தலைகீழ். இந்த அரை நாள் ஓய்வு அங்கே வீட்டு விலை வரைக்கும் பேசப்படும் சங்கதி. மூன்றாவது ஓடுதளம் வந்தால் அந்த ஓய்வு குறையும் என்ற அச்சத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரல்.

எதிர்க்கட்சியாக இருந்தபோது மூன்றாவது ஓடுதளம் கிடையவே கிடையாது என்று கேமரன் அடித்துச் சொன்னார். 2010இல் ஆட்சிக்கு வந்ததும் லேபர் அரசின் திட்டத்தை ரத்து செய்தார். பிறகு மெல்ல மெல்லக் கட்சி பின்வாங்கியது. கட்சி தலைகீழாகப் போனால் பதவியை விட்டு இடைத்தேர்தலைச் சந்திப்பேன் என்று கோல்ட்ஸ்மித் தொகுதிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2015 ஜூலையில் விமான நிலைய ஆணையம் ஹீத்ரோவையே பரிந்துரைத்தது. முடிவை அரசு தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில் வந்தது மேயர் தேர்தல்.

தங்க நகையும் தமிழ் வீடுகளும்

2015 அக்டோபரில் கட்சியின் உள்தேர்தலில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி அவர் மேயர் வேட்பாளர் ஆனார். எதிரே லேபரின் சாதிக் கான். பஸ் ஓட்டுநர் மகன், மனித உரிமை வழக்கறிஞர், டூட்டிங் எம்.பி. லண்டன் பொதுவாக லேபர் பக்கம் சாயும் நகரம். ஆனாலும் போரிஸ் ஜான்சன் அங்கே இரண்டு முறை ஜெயித்திருந்தார். பசுமை அக்கறையும் கட்சிக்கு அடங்காத குணமும் கொண்ட ஒருவர் அந்த வழியில் போயிருக்கலாம்.

பிரச்சாரம் வேறு வழியில் போனது. 2016 மார்ச்சில் லண்டனின் இந்திய, தமிழ் வீடுகளுக்குத் தனித்தனிக் கடிதங்களும் துண்டறிக்கைகளும் போயின. இந்திய வீடுகளுக்குப் போனதில், 2015 நவம்பரில் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த மோடி வரவேற்பில் கோல்ட்ஸ்மித் கலந்துகொண்டார், கான் வரவில்லை என்று சொல்லப்பட்டது. தமிழ் வீடுகளுக்குப் போனதில், லண்டனுக்குத் தமிழர் செய்த பங்களிப்பைப் பாராட்டிவிட்டு, தங்கமும் குடும்ப நகைகளும் இருப்பதால் தமிழ் வீடுகள் திருட்டுக்கு இலக்காகின்றன என்ற பேச்சு வந்தது. கானின் கட்சி வந்தால் குடும்ப நகைக்கு வரி விழும் என்ற பயமும் இந்தப் பிரசுரங்களில் ஊட்டப்பட்டது.

இதைப் படிக்கும் தமிழருக்கு அதில் பாதி உண்மை என்று தெரியும். தென்னாசியர் வீடுகளைக் குறிவைத்து நகை திருடுவது லண்டனில் நிஜமான பிரச்சினை. ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் கல்யாணத்துக்குத் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்கள் உண்டு. ஆனால் நகைக்கு வரி போடும் அதிகாரம் லண்டன் மேயருக்குக் கிடையவே கிடையாது. போக்குவரத்து, காவல்துறை, நகரத் திட்டம், வீட்டு வரியில் ஒரு சிறு பங்கு, இவையே அந்தப் பதவியின் கைக்குள் இருப்பவை. இல்லாத ஒரு வரியைக் காட்டிப் பயமுறுத்தியது மட்டும் என்னை வருத்தவில்லை. போர் முடிந்து ஏழு ஆண்டுகூட ஆகாத நேரத்தில், உறவுகளை இழந்து அகதியாக வந்து, கடையும் படிப்புமாக நிமிர்ந்த ஒரு சமூகத்திடம் பேச வந்தவர்களுக்கு நகைப்பெட்டி கண்ணில் பட்டது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி, ரயில் கட்டணம் என்று லண்டன்காரர் எல்லோருக்கும் இருந்த கவலை நமக்கும் இருந்தது. பெயரைப் பார்த்து இனத்தை ஊகித்து, அந்த இனத்துக்கு ஒரு பயத்தை ஒதுக்கி அனுப்பும் முறையை எந்தக் கட்சி செய்தாலும் நான் எதிர்ப்பேன்.

அதோடு டூட்டிங்கை மறந்துவிட்டார்கள். தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக உள்ள அந்தத் தொகுதிக்கு 2005 முதல் எம்.பி.யாக இருந்தவர் கான். அங்குள்ள தமிழருக்கு அவர் கடிதத்தில் அறிமுகமாகும் பூச்சாண்டி அல்ல, கடைத்தெருவில் பார்த்துப் பழகிய முகம்.

கடைசி வாரங்களில் பிரச்சாரம் இன்னும் கசந்தது. தீவிரவாதிகளோடு மேடை ஏறியவர் என்று கான் மீது திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டை நாடாளுமன்றத்திலேயே எழுப்பிய கேமரன், டூட்டிங் இமாம் ஒருவரைப் பற்றிச் சொன்னது தவறு என்று பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மே 1 அன்று, ஒரு ஞாயிறு நாளிதழில் கோல்ட்ஸ்மித் பெயரில் வந்த கட்டுரைக்கு, 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பில் சிதைந்த பேருந்தின் படம் போடப்பட்டது. கன்சர்வேட்டிவ் கட்சி அமைப்பின் முன்னாள் இணைத் தலைவர் சயீதா வார்சி அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். லண்டன் அவையின் மூத்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஆண்ட்ரூ பாஃப், இந்தப் பிரச்சாரம் நகரத்தின் முஸ்லிம்களோடு கட்சி கட்டிய பாலங்களை உடைத்தது என்ற பொருளில் பேசினார். தன் கேள்விகள் மதம் பற்றியவை அல்ல, கானின் முடிவெடுக்கும் திறன் பற்றியவை என்பது கோல்ட்ஸ்மித்தின் பதில். அவர் அக்காவும் இம்ரான் கானின் முன்னாள் மனைவியுமான ஜெமிமாவோ, தனக்குத் தெரிந்த ஸாக்கை இந்தப் பிரச்சாரத்தில் காணவில்லை என்று எழுதினார்.

முதல் விருப்ப வாக்கில் கான் 11,48,716, கோல்ட்ஸ்மித் 9,09,755. இரண்டாம் விருப்பத்தையும் சேர்த்தபோது 13,10,143க்கு 9,94,614. அப்போதிருந்த இந்த இரண்டாம் விருப்ப முறையில் மற்றவர்களின் ஆதரவாளர்களையும் ஈர்ப்பவர் ஜெயிப்பார். பிரித்துப் பேசும் பிரச்சாரத்துக்கு அது உதவாது.

இந்தத் தோல்வியைவிட ரிச்மண்டில் நடந்த சேதம் பெரிது. கட்சிக்கு அடங்காத நல்லவர் என்று நினைத்து ஓட்டுப்போட்ட நடுநிலையாளர்களுக்கு, கட்சி எழுதிக் கொடுத்ததை அப்படியே பேசும் ஒருவரைக் காட்டிவிட்டார்.

சொன்ன சொல், மாறிய கேள்வி

மேயர் தேர்தல் முடிந்து ஏழு வாரத்தில் பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்பு. கோல்ட்ஸ்மித் வெளியேறும் பக்கம். ரிச்மண்ட் மாநகரப் பகுதியில் 69 சதவீதம் பேர் ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்று வாக்களித்தார்கள். அவர் பிரதிநிதியாக இருந்த மக்களில் பெரும்பான்மையோர் துக்கத்திலும் கோபத்திலும் இருந்த நேரம் அது.

2016 அக்டோபர் 25 அன்று தெரசா மே அரசு மூன்றாவது ஓடுதளத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. அன்றே கோல்ட்ஸ்மித் விலகினார். பிரிட்டனில் எம்.பி. ஒருவர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. 1624ஆம் ஆண்டுத் தீர்மானம் அதைத் தடுக்கிறது. முடியாட்சியின் கீழ் ஒரு பெயரளவு உத்தியோகத்தை ஏற்று, அதனால் தகுதி இழந்து வெளியேறுவதே வழக்கம். அவரும் அப்படி வெளியேறி, சுயேச்சையாக மறுபடி நின்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பாதுகாப்பான தொகுதியைப் பணயம் வைத்த இந்தச் செயலை நான் மனதார மதிக்கிறேன். இப்படிச் செய்யும் துணிவு அரசியலில் அரிது.

ஆனால் களம் அவர் நினைத்தபடி அமையவில்லை. 2008இல் கன்சர்வேட்டிவ் எம்.பி. டேவிட் டேவிஸ், விசாரணையின்றி 42 நாள் காவலில் வைக்கும் மசோதாவை எதிர்த்து இதேபோல் விலகி நின்றபோது லேபரும் லிபரல் டெமாக்ரட்களும் ஆள் நிறுத்தவில்லை. அவர் சுலபமாக ஜெயித்தார். ரிச்மண்டில் லிபரல் டெமாக்ரட்கள் நின்றார்கள், அவர்களும் ஓடுதளத்தை எதிர்த்தார்கள். விமானம் பற்றி விவாதிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. காலியான அந்த இடத்தில் பிரெக்ஸிட் வந்து உட்கார்ந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி ஆள் நிறுத்தாமல் ஒதுங்கியது அவருக்கு உதவி. ஒன்றியத்தை விட்டு வெளியேறவே நடத்தப்பட்ட யூகிப் கட்சி ஆள் நிறுத்தாமல் ஆதரவு தெரிவித்ததோ, அந்த ஊரில் உபத்திரவம். பசுமைக் கட்சி, சூழலியல் ஆசிரியராக இருந்தவருக்கு எதிராக, லிபரல் டெமாக்ரட்டுக்கு வழிவிட்டு விலகியது.

எதிர் வேட்பாளர் சாரா ஓல்னி, தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணக்காளர். 2015 தோல்விக்குப் பிறகே கட்சியில் சேர்ந்த புதுமுகம். டிசம்பர் 1 அன்று வாக்குப்பதிவு. ஓல்னி 20,510, கோல்ட்ஸ்மித் 18,638. இடைத்தேர்தல்களில் வாக்குப்பதிவு குறையும், இங்கேயும் குறைந்தது. அப்படியிருந்தும் லிபரல் டெமாக்ரட் வாக்கு முந்தைய பொதுத்தேர்தலைவிட 9,121 கூடியிருந்தது. கோல்ட்ஸ்மித் வாக்கு 15,766 குறைந்திருந்தது. லேபர் 1,515 வாங்கிக் கட்டுத்தொகையை இழந்தது. 2015இல் சிதறிப் போனவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். தேர்தலை அழைத்தவர் அவர். அதில் என்ன கேள்விக்குப் பதில் சொல்வது என்பதை வாக்காளர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

45

2017 ஏப்ரலில் தெரசா மே திடீர்த் தேர்தல் அறிவித்தார். கோல்ட்ஸ்மித் மறுபடி கன்சர்வேட்டிவ் வேட்பாளர். அந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கை ஹீத்ரோ விரிவாக்கத்தை ஆதரித்தது. எந்தக் காரணத்துக்காகக் கட்சியை விட்டாரோ, அந்தக் காரணம் அப்படியே இருக்க, கட்சிக்குத் திரும்பினார். அவர் எடுத்த முடிவுகளில் என்னால் நியாயப்படுத்த முடியாதது இது. ஆறு மாதத்துக்கு முன் செய்த தியாகத்தின் மதிப்பை அவரே குறைத்துக்கொண்டார்.

ஆனாலும் ஜெயித்தார். திரும்பத் திரும்ப எண்ணி விடியற்காலையில் அறிவித்த முடிவு: 28,588க்கு 28,543. இருவருக்கும் சதவீதம் 45.1. கட்சிச் சின்னம் திரும்பக் கிடைத்ததால், இடைத்தேர்தலுக்கு வராத கன்சர்வேட்டிவ் குடும்பங்கள் வந்து போட்டன. அவர் வாக்கு 9,950 கூடியது. ஓல்னிக்கும் 8,033 கூடியது. லேபருக்கு அந்தக் கோடையில் நாடு முழுக்க இருந்த உற்சாகம் ரிச்மண்டிலும் எட்டிப்பார்த்தது. 5,773 பேர் லேபருக்குப் போட்டார்கள். அதில் நூறில் ஒருவர் ஓல்னிக்குப் போட்டிருந்தாலே முடிவு மாறியிருக்கும். முதலில் வருபவருக்கே இடம் என்ற பிரிட்டன் முறையில் சிதறும் வாக்கு யாரைக் காப்பாற்றும் என்பதற்கு இந்தத் தொகுதியை நான் பாடமாகவே எடுத்துச் சொல்வேன்.

2018 ஜூன் 25 அன்று ஓடுதளத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. 415 பேர் ஆதரவு, 119 பேர் எதிர்ப்பு. கோல்ட்ஸ்மித் எதிர்த்துப் போட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை தடுமாறவில்லை.

2019 ஜூலையில் போரிஸ் ஜான்சன் பிரதமரானதும் சுற்றுச்சூழல் துறையில் இளநிலை அமைச்சர் ஆனார். அமைச்சர் பதவி டிசம்பர் தேர்தலில் கைகொடுக்கவில்லை. ஜான்சன் நாடு முழுக்க 365 இடங்களை அள்ளிய அதே இரவில், ரிச்மண்டில் ஓல்னி 34,559, கோல்ட்ஸ்மித் 26,793. ஒருகாலத்தில் கோல்ட்ஸ்மித் தொட்ட உச்ச வாக்கையே ஓல்னி தாண்டிவிட்டார்.

ஒரே வாரத்தில் ஆயுட்காலப் பிரபுப் பட்டம் அறிவிக்கப்பட்டது. மேலவை வழியாக அமைச்சராகவே நீடித்தார். எம்.பி.யைத் திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளனுக்கு வேண்டும் என்று வாதாடியவர், வாக்காளர் நிராகரித்த பிறகு வாக்காளரே தொட முடியாத அவையில் உட்கார்ந்தது முறையில்லை. அவர் ஏற்றிருக்கக் கூடாது. அதே சமயம், அந்தப் பதவியில் அவர் வேலை செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், 2030க்குள் காடழிப்பை நிறுத்துவதாக 140க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்ட அறிவிப்புக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது.

2023 ஜூன் 29 அன்று நாடாளுமன்றச் சிறப்புரிமைக் குழு, ஜான்சன் நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினாரா என்ற தன் விசாரணையை இழிவுபடுத்திய அரசியல்வாதிகளின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது. மறுநாள் பதவி விலகினார். பிரதமர் ரிஷி சுனக்குக்குச் சுற்றுச்சூழலில் அக்கறையே இல்லை என்பது அவர் கடிதத்தின் சாரம். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், மறுத்தார் என்பது சுனக்கின் பதில்.

2024 தேர்தலில் ஓல்னி 17,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தொகுதியைத் தக்கவைத்தார். அதற்கு அடுத்த ஜனவரியில் லேபர் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஹீத்ரோ மூன்றாவது ஓடுதளத்துக்கு அரசின் ஆதரவை அறிவித்தார். ரிச்மண்ட் பார்க் எம்.பி. அதை எதிர்க்கிறார்.